பதினேழாம் எண்ணின் வருகைப் பதிவு

என் கையெழுத்து அழகாக இருக்கும். வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை உறையில் விலாசம் எழுத என்னைத்தான் உட்காரவைப்பார்கள். தமிழ், வங்காளி, ஆங்கிலம் மூன்றும் அச்சடித்த மாதிரி விழும். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறு பெண்ணை, அவள் வராமலேயே, இரண்டரை வருடம் பள்ளிக்கூடத்துக்கு வரவைத்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தாதான். லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற குடும்பம். தெருவில் எல்லாரும் போனார்கள் என்று நானும் வங்காளிப் பள்ளியில் படித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஹவுராவில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. தினமும் பஸ் பிடித்து பாபு காட் வந்து, லாஞ்சில் கங்கையைக் கடந்து, லேத்துப் பட்டறைகள் இருக்கிற ஒரு சந்துக்குள் நடப்பேன். இரண்டு அறை, ஒரு வராந்தா, முற்றத்தில் ஒரு அடிபம்பு. ஆசிரியர்கள் மூன்று பேர். தலைமையாசிரியர், நான், எப்போதும் ஏதாவது ஒரு லீவில் இருக்கிற இன்னொருவர். நாலு வகுப்பின் வருகைப் பதிவேடுகளும் என் தலையில் விழுந்தன. காரணம் கேட்டால், "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார் தலைமையாசிரியர். புகழ்ந்தே ஆளைக் கட்டிப்போடுவதில் அவர் கெட்டிக்காரர்.

அப்போது பள்ளியில் சமைத்த சோறு கிடையாது. மாதம் மூன்று கிலோ அரிசி குழந்தைகள் கையில் கொடுத்துவிடுவோம். ஒரு நிபந்தனை. நூறு நாளில் எண்பது நாளாவது வந்திருக்க வேண்டும். வகுப்பறையின் ஒரு மூலையில் அரிசி மூட்டைகள், அதற்குப் பக்கத்தில் தராசு, அதற்கும் பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு. அரிசி கொடுக்கிற நாளில் மட்டும் பெஞ்சு போதாது. மற்ற நாட்களில் பாதி இருக்கும். அந்தப் பாதியிலும் பதினொன்றரை மணிக்கு மேல் கண் சொருகாத குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சோம்பேறிகள் என்று நினைத்து அதட்டுவேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு லாஞ்ச் ஏறியவள். எனக்கு அது தோன்றவில்லை.

எங்கள் பள்ளியில் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ரோல் நம்பர்தான். பதினேழாம் எண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, வாயில் எப்போதும் சட்டைக் காலர். சொன்னதை ஒரு தடவையில் பிடித்துக்கொள்வாள். மூன்றாவது மாதம் அவளுக்குத் தங்கை பிறந்தது. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், அப்பாவுக்குப் பட்டறையில் வேலை இருந்தால் உண்டு. குழந்தையை யார் பார்ப்பது? ஒரு நாள் இடுப்பில் தங்கையோடு வகுப்புக்கு வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. "இங்கே இதெல்லாம் கூடாது, வீட்டில் விட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். தங்கையை விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. அதனால் வரவில்லை.

மாதக் கடைசியில் அவள் அம்மா அரிசிக்கு வந்தாள். நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, நாலு நாள் குறைகிறது, கிடையாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. கேட் பக்கத்தில் போய்க் காலிப் பையை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். கடைசிக் குழந்தை வாங்கிப் போகிற வரை நின்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

என் வழக்கம் ஒன்று உண்டு. வந்த குழந்தைக்கு நீலப் பேனாவால் ஒரு சாய்வுக் கோடு போடுவேன். வராத குழந்தைக்குக் கட்டத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி. சில குழந்தைகள் மத்தியானம் ஓடி வரும் என்பதால் சாயங்காலம் வரை மையால் எதையும் முடிவு செய்வதில்லை. அன்றைக்கு நாலு புள்ளிகள் மேல் நாலு கோடு போட்டேன். புள்ளியை அழிக்கக்கூட இல்லை. கோடு அதை மூடிவிட்டது. "போ, பையைக் கொண்டு வா" என்றேன். என்னைப் பற்றி எனக்கே ரொம்பப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் எட்டுப் புள்ளி. அதற்கடுத்த மாதம் பன்னிரண்டு. அப்புறம் அவள் வருவதே நின்றுவிட்டது. வராமலேயே அரிசி வருகிறது என்றால் எதற்கு வரவேண்டும்? நான் அவளுக்கு உதவுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை வீட்டோடு வைத்துக் கதவைச் சாத்தியது நானேதான் என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின. அப்போதெல்லாம் பரீட்சையில் ஃபெயில் கிடையாது. பெயர் இருந்தால் மேல் வகுப்பு. பதினேழாம் எண் இரண்டாம் வகுப்புக்குப் போனாள், மூன்றாம் வகுப்புக்குப் போனாள். ஒரு முறை சந்தில் தங்கையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். யாரோ ஒரு கிழவர் அவளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். "மூணாங் க்ளாஸ்" என்று நிமிர்ந்து சொன்னாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு நடந்தேன்.

அவள் நாலாம் வகுப்புக்கு வந்த வருடம் சட்டம் மாறியது. இனி அரிசி வீட்டுக்குப் போகாது, பள்ளியிலேயே சமைத்துப் போட வேண்டும். யார் பொறுப்பு என்ற பேச்சு வந்ததும் தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "உங்க மெட்ராஸ்ல எவ்வளவோ வருஷமா நடக்குதே, உங்களுக்குத் தெரியாததா?" எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. நான் தமிழ்நாட்டுக்குப் போனதே கல்யாணம், கருமாதிக்குத்தான். சத்துணவுக் கூடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அரிசி அறைச் சாவி என் இடுப்புக்கு வந்தது.

அறை என்றால் பதிவேடுகள் வைக்கிற அதே இருட்டு அறைதான். சாவி என்னிடம் இருக்கிற வரை நான் லீவு எடுக்க முடியாது, எடுத்தால் அன்றைக்குக் குழந்தைகளுக்குச் சோறு கிடையாது. காய்ச்சலோடு லாஞ்ச் ஏறியிருக்கிறேன். என் தங்கை கல்யாணத்துக்குக் காலையில் போய்த் தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பத்தரைக்குள் ஹவுரா வந்து சேர்ந்தேன். வராந்தாவில் தார்ப்பாய் கட்டி அடுப்பு. சந்துப் பெண்கள் இரண்டு பேர் அரிசியும் பருப்பும் போட்டுக் கிச்சுரி கிண்டுவார்கள். ஒரு நாள் கிச்சுரி, ஒரு நாள் சோறும் உருளைக்கிழங்குக் கறியும், வாரத்தில் ஒரு நாள் அரை முட்டை. புகை முழுக்க வகுப்புக்குள். கை கழுவ, வரிசை நிற்க, சாப்பிட, தட்டு கழுவ ஒன்றரை மணி நேரம். படிப்பு ஒழிந்தது என்று லாஞ்சில் கூட வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினேன்.

ஒழியவில்லை. இரண்டு மாதத்தில் எனக்கே தெரிந்தது. முன்பெல்லாம் மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிற குழந்தைகள் திரும்பாது. இப்போது எல்லாம் இருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குப் போட்டால் கை தூக்கின. இத்தனை வருடம் நான் அதட்டி அதட்டி எழுப்ப முடியாத குழந்தைகளைக் கால் தட்டுக் கிச்சுரி எழுப்பி உட்காரவைத்தது. கோபமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

பதினேழாம் எண்ணும் வந்தாள். ஒரு கையில் அலுமினியத் தட்டு, இன்னொரு கையில் மூன்று வயதுத் தங்கை. கணக்குப்படி தங்கைக்கு இங்கே சோறு கிடையாது. போட்டேன். இந்த முறை வீட்டுக்கு அனுப்பவில்லை. தங்கை சாப்பிட்டுவிட்டு அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

முதல் நாள் நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தைச் சரியாகப் பிடித்தாள். பக்கத்துப் பெண் வாசித்ததை அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். வேறு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அதே வரிகளை மறுபடி சொன்னாள். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பில் கற்றதையும் மறந்திருந்தாள்.

ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்று வேண்டும். புத்தகங்கள் தலை எண்ணி வரும், அவள் பங்கு மூன்று வருடத்துக்கு முன்பே அவள் பெயரில் கொடுத்தாகிவிட்டது. தலைமையாசிரியரிடம் கேட்டால் எதற்கு என்பார். அதனால் சாப்பாடு முடிந்ததும் அவளை அரிசி அறைக்குள் கூப்பிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், பழைய வருகைப் பதிவேட்டைப் புத்தகமாக வைத்துக்கொண்டேன். அதில் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். சந்துப் பெயர்கள். முதல் பெயர் யாருடையது என்று சொன்னால் எழுத்தை அவளே கண்டுபிடிப்பாள். அடிபம்பு பக்கத்து வீட்டுப் பையன், தையல்காரர் பெண், எப்போதும் மூக்கு ஒழுகுகிறவன். ஒவ்வொரு பெயராக எழுத்துகள் அவளிடம் வந்து சேர்ந்தன. அவளுடைய வருடங்களின் பதிவேடுகளை மட்டும் கவனமாக அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன்.

வருடக் கடைசி நெருங்கியது. நாலாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிகிறது. ஐந்தாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே அப்போது சோறு போடும் வழக்கம் வரவில்லை. ஒரு மத்தியானம் அவள் அம்மா வந்தாள்.

"திதிமணி, இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வெச்சுக்கோங்க. சால்ட் லேக்குல ஒரு வீட்டுல கேக்கறாங்க, தங்கி வேலை பாக்கறதுக்கு. இங்க சோறு இருந்தா நான் அனுப்ப மாட்டேன். இவளும் இப்பத்தான் படிக்கறா."

திதிமணி என்றால் அங்கே டீச்சரம்மா. சால்ட் லேக் கல்கத்தாவின் அந்தக் கோடியில் வசதியானவர்கள் இருக்கிற பகுதி. நான் தலைமையாசிரியரிடம் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கெட்டவர் இல்லை. "வைக்கலாமே. வருகை குறைவா இருந்தா அதே வகுப்புல இன்னொரு வருஷம் வைக்க வழி இருக்கு. எங்க, ரிஜிஸ்டரைக் கொண்டாங்க" என்றார். நாலு வருடப் பதிவேடுகளையும் நானே எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். வேறு என்ன செய்ய? அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வரிசை வரிசையாக ஓட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் பொண்ணு மாதிரி ஒழுங்கா வந்தவ இந்த ஸ்கூல்லயே இல்லம்மா. இவளை எப்படி நிறுத்தறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் மூன்று வருட அரிசிக்கு அவள் பதில் சொல்ல வேண்டும், அத்தனை கோடுகளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். பதினேழாம் எண் மட்டுமா? வேறு எத்தனை புள்ளிகள் மேல் நான் கோடு போட்டிருக்கிறேன். அம்மா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். பாங்கில் வேலை பார்க்கிறவர், எதையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் பேசுவார். "நீ என்ன அரிசியை வீட்டுக்கா கொண்டு வந்தே? பாவம்னு பண்ணினே. இப்ப போய்ச் சொன்னா உன் வேலை போகும், அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. பேசாம இரு" என்றார். எனக்கு வேண்டியது அதுதான். யாராவது பேசாமல் இரு என்று சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கிச்சுரிக்கு உப்புப் பற்றவில்லை என்று அடுப்புப் பக்கம் போனேன். திரும்பி வந்தால், தலைமையாசிரியர் மேஜையிலிருந்து எடுத்து வந்து நான் கீழ்த் தட்டிலேயே வைத்துவிட்டிருந்த பதிவேட்டை அவள் விரித்து வைத்திருந்தாள். அவளுடைய இரண்டாம் வகுப்பு. தன் பெயரை வாசித்திருக்கிறாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"இது நான்தானே திதிமணி?"

"ஆமா."

விரலை வரிசையில் ஓட்டினாள். பிறகு மேல் வரிசையில் ஓட்டினாள். மறுபடி தன்னுடையதற்கு வந்தாள்.

"மேல இருக்கற பேருக்குக் கோடு இருந்தா புள்ளி இல்ல, புள்ளி இருந்தா கோடு இல்ல. எனக்கு மட்டும் ஏன் கோட்டுக்கு அடியில புள்ளி இருக்கு?"

தலைப்பில் இருந்த மாதத்தின் பெயரை அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். துர்கா பூஜை முடிந்து வருகிற மாதம்.

"இந்த மாசம் தங்கச்சிக்கு அம்மை போட்டிருந்துச்சு. நான் வரவே இல்லையே. அப்ப வந்தது யாரு?"

"உங்க வீட்டுக்கு அரிசி வரணும்னு நான் போட்டேன்" என்றேன். ஒன்பது வயதுக் குழந்தையிடம் பொய் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. அவள் தலையாட்டினாள். கோபப்படவில்லை. தலைமையாசிரியர் என்ன பார்த்தார், அம்மா ஏன் வீட்டுக்குப் போய் அழுதாள் என்பதையெல்லாம் அவள் அந்த மூட்டை மேல் உட்கார்ந்து சேர்த்துப் பார்த்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் தட்டு கழுவுகிற நேரத்தில் அவளைக் காணோம். அரிசி அறைக்குள் போனேன். யாரும் இல்லை. பதிவேடு மூட்டை மேல் கிடந்தது, பக்கத்தில் தேய்ந்து அழுக்கான ஒரு ரப்பர் துண்டு. பதினேழாம் எண் வரிசையில் நீல மை கலங்கியிருந்தது. பேனா மை ரப்பரில் போகாது என்று அவளுக்குத் தெரியாது. அழுத்தி அழுத்தித் தேய்த்து, கட்டம் கட்டமாகக் காகிதம் கிழிந்து, ஓட்டை ஓட்டையாக இருந்தது. வராத நாட்களை அவள் வராத நாட்களாக ஆக்கப் பார்த்திருக்கிறாள். இங்கேயே இன்னும் ஒரு வருடம் இருப்பதற்கு. நான் செய்திருக்க வேண்டியதை அவள் ரப்பரால் செய்ய முயன்றாள். நான் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். பதிவேட்டை என் மடியிலிருந்து எடுத்தார். ஓட்டைகளைப் பார்த்தார். ஒரே வரிசையில் வரிசையாக இருந்த ஓட்டைகள். கிழியாத கட்டங்களில் கோட்டுக்கு அடியில் இருந்த புள்ளிகளையும் பார்த்திருப்பார். இப்போது கேட்பார், நான் சொல்லிவிடுவேன், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கேட்டுவிடுங்கள் என்றுதான் இருந்தது.

"எலி" என்றார். "அரிசி இருக்கற அறையில ரிஜிஸ்டரை வெச்சா எலி கடிக்காம என்ன செய்யும். எலிதானே?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்தும் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்தது.

"ஆமா சார், எலிதான்" என்றேன்.

அவர் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார். நான் சாவியைப் போட்டுப் பூட்டினேன்.

வருடக் கடைசியில் நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கெல்லாம் பள்ளி விடுகைச் சான்றிதழ் கொடுப்போம். அச்சடித்த படிவத்தில் நான்தான் நிரப்ப வேண்டும். அவளுடையதைக் கடைசியாக எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், பிறகு அந்த வரி. இவள் நான்கு ஆண்டுகளும் தவறாமல் பள்ளிக்கு வந்தாள். முத்து முத்தாக விழுந்தது.

அவள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வாங்க வந்தாள். தலை வாரி, பூஜைக்கு எடுத்த ஃபிராக்கைப் போட்டிருந்தாள். அடுத்த வாரம் சால்ட் லேக் போகிறாளாம். காகிதத்தைக் கையில் வாங்கியதும், "நான் வாசிக்கவா திதிமணி?" என்றாள். "அந்த வீட்டம்மாகிட்ட வாசிச்சுக் காட்டணும், எனக்குப் படிக்கத் தெரியும்னு."

விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். தன் பெயரில் நிற்கவில்லை. அப்பா பெயரைத் தாண்டினாள். அந்த வரிக்கு வந்தாள். நான்கு. ஆண்டுகளும். தவறாமல். அந்தச் சொல்லில் கொஞ்சம் திணறி, திரும்பப் போய்ப் பிடித்துக்கொண்டு, முழு வரியையும் வாசித்து முடித்தாள். அவள் தானாக வாசித்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "சரியா வாசிச்சேனா?"

"சரியாத்தான் வாசிச்சே" என்றேன்.